மறுபடியும் 11 கிலோ

கேள்வி: வயது 43, உயரம் 155 செ.மீ. 82 கிலோ இருந்தேன். சோற்றை அடியோடு நிறுத்தி, இரவு எண்ணி இரண்டு சப்பாத்தி, காலையும் மாலையும் நடை என்று எட்டு மாதத்தில் 69-க்கு வந்தேன். அப்புறம் தை மாதக் கல்யாணங்கள், ஐப்பசி மழை, முழங்கால் வலி. ஒன்றரை வருடத்தில் மறுபடி 80. "என்னடி, பழையபடி பூசினாப்ல ஆயிட்டே" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது கூசிப் போகிறேன். மாப்பிள்ளைச் சம்பா அரிசிக்கு மாறு என்கிறார் ஒருவர், ஊசி போட்டுக்கொள் என்கிறார் இன்னொருவர். பழைய உற்சாகத்தை எப்படி வரவழைப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி)

பதில்: பழைய உற்சாகம் வந்தால் பழையபடியே செய்வீர்கள், பழையபடியே ஏறும். அது வரவில்லையே என்று வருந்தாதீர்கள், சகோதரி. எட்டு மாதம் விடாமல் இருந்தவருக்கு மன உறுதி இல்லை என்று எந்த உறவினரும் சொல்ல முடியாது. உங்களிடம் இல்லாதது ஒன்பதாவது மாதத்துக்கான ஏற்பாடு. 69 கிலோவைத் தொட்ட மறுநாள் என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

எடை இறங்கிய உடம்பு சும்மா இருக்காது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து 2011-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இறங்கியவர்கள், ஏறத்தாழ உங்களைப் போல. ஒரு வருடம் கழித்தும் அவர்களுடைய பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி கூடியே இருந்தது. இன்னொரு பக்கம், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிப்பது நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. 13 கிலோவுக்கு ஏறத்தாழ 300 கலோரி, அதாவது ஒரு பெரிய கிண்ணம் சோறு. 82 கிலோவில் உங்களை அதே எடையில் நிறுத்திய சாப்பாடு, 69 கிலோவில் உங்களை ஏற்றும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஏறிய வேகத்தைப் பாருங்கள். 18 மாதத்தில் 11 கிலோ என்றால் மாதத்துக்கு 600 கிராம். அது கண்ணாடியில் தெரியாது, ரவிக்கையிலும் தெரியாது. தராசில் தெரியும். கடிதத்தில் நீங்கள் சொல்லாவிட்டாலும் எங்கள் ஊகம் இதுதான்: கல்யாணங்கள் தொடங்கியதும் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள். எடையை இழந்து முடித்த 314 பேரை வைத்து அமெரிக்காவில் ஒன்றரை வருடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தினமும் எடை பார்க்கவும், 2.3 கிலோ ஏறினால் உடனே இறங்கும் உணவுக்குத் திரும்பவும் ஒரு குழுவுக்கு நேரில் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அவ்வப்போது தபாலில் தகவல் அனுப்பியதோடு சரி. தபால் குழுவில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியது, பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த வித்தியாசம் உங்கள் கைக்கு எட்டுவது.

தராசைச் சிமெண்ட் தரையில் வையுங்கள், பாய் மேல் வேண்டாம். காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன் ஏறி நில்லுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், ஏழு நாள் சராசரியை நோட்டில் எழுதுங்கள். மாதவிலக்குக்கு முன்னும் விருந்துக்கு மறுநாளும் ஒன்றரை கிலோ கூடக் காட்டும். அது ஹார்மோன் மாற்றமும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர், சில நாளில் வடிந்துவிடும். அதைக் கொழுப்பென்று பயந்து மறுநாள் பட்டினி கிடந்தால், மாலையில் பக்கோடாப் பொட்டலத்தில் போய் முடியும்.

இனி சோறு. சப்பாத்தியால் நீங்கள் இறங்கவில்லை, எண்ணிச் சாப்பிட்டதால் இறங்கினீர்கள். எண்ணெய் தடவாத ஒரு சப்பாத்தியில் இருப்பது சுமார் 100 கலோரி, 75 கிராம் சோற்றிலும் அதே அளவுதான். மூன்று வேளையும் நெல்லோடு வாழ்கிற ஊரில் சோற்றை ஆயுள் முழுக்க விலக்க முடியாது. முடியாததை அடித்தளமாக வைத்ததால்தான் முதல் கல்யாணப் பந்தியிலேயே எல்லாம் சரிந்தது. மாப்பிள்ளைச் சம்பா நல்ல அரிசி, நார்ச்சத்து கூடுதல், மென்று தின்ன நேரமாகும். ஆனால் 100 கிராமுக்கு அதிலும் ஏறத்தாழ 350 கலோரிதான். பிடித்தால் வாங்குங்கள், அளவு மட்டும் மாறக்கூடாது. உங்கள் பங்குக்கு மதியம் 60 கிராம் அரிசி. வடித்தால் சுமார் 170 கிராம் சோறு வரும். ஒரு நாள் எடை போட்டுப் பார்த்து, அது எந்தக் கிண்ணத்தில் எதுவரை நிற்கிறது என்று கண்டுகொண்டால் போதும்.

வாரம் 300 கிராம் இறங்க, நாளுக்கு 330 கலோரி குறைய வேண்டும். அதை எங்கே எடுப்பது? மூன்று வேளைக் காபியில் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரையை நிறுத்தினால் 120. நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவானால் அதை இரண்டரை லிட்டராக்குங்கள், ஆளுக்கு நாளுக்கு 100 குறையும். மீதி 110, மறுசோற்றில் ஒரு கரண்டி. டிகிரி காபியை விடச் சொல்லவில்லை, சோற்றையும் விடச் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்தும் செய்யக்கூடியதைத்தான் இன்று தொடங்க வேண்டும்.

குறைப்பது மட்டும் போதாது, புரதம் வேண்டும். அது இல்லாமல் இறங்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசையாகப் போகும், திரும்ப ஏறுவதோ பெரும்பாலும் கொழுப்பு. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் விரால் அல்லது கெண்டையில் 18, 60 கிராம் பருப்பில் 14, 200 கிராம் தயிரில் 7, சோறு இட்லியிலிருந்து 13. மொத்தம் 64, உங்களுக்கு அது போதும். மீனைக் குழம்பில் போடுங்கள், வறுத்தால் எண்ணெய்க் கணக்கு உடையும்.

எப்போது தொடங்குவது? இது ஆனி. ஆடி முதல் தேதி தொடங்குங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் அநேகமாக இல்லை. நடுவில் ஆவணி முகூர்த்தங்களை மட்டும் சமாளித்தால், புரட்டாசி முடிவில் 13 வாரம், 4 கிலோவுக்குச் சற்றுக் குறைய, அதாவது 76. அதோடு இறக்கத்தை நிறுத்துங்கள். ஐப்பசி முதல் தை முடிய 76-இலேயே நிற்பதுதான் வேலை. தீபாவளியும் அடைமழையும் பொங்கலும் கல்யாணங்களும் வரிசையாக வரும் அந்த நான்கு மாதத்தில் இறங்க முயன்றுதான் இந்த ஜில்லாவில் பலரும் தோற்கிறார்கள். போன முறை நீங்கள் பழகாமல் விட்டது இந்த நிற்கும் பருவத்தை. சராசரி 77-ஐத் தொட்டால் அந்த வாரம் பலகாரம் எத்தனை முறை என்று எழுதுங்கள். 78-ஐத் தாண்டினால், தை முடியட்டும் என்று காத்திராமல் மறுநாளே இறங்கும் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். அடுத்த 4 கிலோவை மாசியில் தொடங்குங்கள். 69-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படத் தொடங்கும்.

கல்யாண வீட்டில் இலை போட்டதும் கூட்டும் பொரியலும் சாம்பாரும் வாங்கிக்கொண்டு சோற்றை ஒரு தடவையோடு நிறுத்துங்கள். அசோகா அல்வா வைத்தால் சாப்பிடுங்கள், இரண்டாம் முறை வேண்டாம். பரிமாறுகிறவர் வற்புறுத்துவார். "போதும்ணே" என்று இலை மேல் கையை வைத்துவிட்டால் நகர்ந்துவிடுவார்.

இறங்குவதற்கு நடை பெரிதாக உதவாது. 40 நிமிட வேக நடை உங்கள் எடைக்குச் சுமார் 200 கலோரிதான் செலவழிக்கும். ஆனால் இறங்கியதைக் காப்பாற்ற நடை அவசியம், வாரம் 200 முதல் 300 நிமிடம் வேண்டும். ஹரித்ராநதிக் கரை இருக்கிறது, மழை நாளில் ராஜகோபாலசுவாமி கோயில் பிராகாரம் இருக்கிறது, அதுவும் முடியாத நாளில் வீட்டுக் கூடம். முழங்கால் வலியை வைத்துக்கொண்டு நடையைக் கூட்டாதீர்கள். முதல் மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள், காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. வாரம் மூன்று நாள் போதும். மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கும் முன் டிஎஸ்ஹெச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் செய்து பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு, இன்சுலின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ஸ்டீராய்டு இவையெல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டில் ஏதாவது ஒன்றை எடுப்பவர் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

எடை குறைக்கும் ஊசி வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஊசி மருந்தான செமாக்ளுடைடை 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. நீண்ட காலம் போட வசதியும் மருத்துவக் கண்காணிப்பும் இருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசுங்கள். கடையில் கொடுக்கும் பெயர் தெரியாத பொடியைத் தொடவே வேண்டாம்.

மாசி முதல் வாரம் எங்களுக்கு மறுபடி எழுதுங்கள். எண் எதுவாக இருந்தாலும் சரி, ஐப்பசி முதல் தை வரையிலான வாரச் சராசரிகளை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள். இறங்கிய மாதங்களின் கணக்கு வேண்டாம்.