ஐப்பசி, கார்த்திகையில் திருநெல்வேலிப் பக்கம் பறவை பார்க்கக் கூந்தன்குளம்தான் போக வேண்டுமா? ஊருக்கு அருகிலேயே ஒரு நாள் சுற்றினால் என்ன தென்படும்?

கூந்தன்குளத்தைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரித்தலை வாத்தும் மஞ்சள்மூக்கு நாரையும் அப்போது கூட்டம் கூட்டமாக இருக்கும். கார்த்திகை பிறக்கிற சமயத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறமாட்டேன். சுத்தமல்லியிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயை ஒட்டிய வயல்களுக்குப் போவேன். பிசான நெல் சாகுபடிக்குத் தொழி (தண்ணீர் கட்டிய சேற்றுழவு) உழுதுகொண்டிருப்பார்கள். அந்தச் சேற்றில்தான் வலசை வரும் விருந்தாளிகள் இருப்பார்கள்.

பலரும் நேரே குளக்கரைக்குப் போய், நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் பறவையே வரவில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். வந்திருக்கும், நிற்க இடம்தான் இல்லை. அடைமழையில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது, சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்கள் எங்கே கால் ஊன்றும்? அவற்றுக்கு வேண்டியது கணுக்கால் நனைகிற தண்ணீரும் கொத்தினால் புழு கிடைக்கிற சேறும். அது இப்போது வயலில் இருக்கிறது. கோடையை நெருங்கிக் குளம் வற்றத் தொடங்கினால் நிலைமை அப்படியே தலைகீழாகும். பறவை பார்ப்பவர் காலண்டரைவிடத் தண்ணீரின் ஆழத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

விடியற்காலையில் டிராக்டர் இறங்குகிற வயலாகப் பார்த்து, சற்றுத் தள்ளி உட்காருங்கள். இரும்புச் சக்கரம் சேற்றைப் புரட்ட, உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே நடக்கும். தலைக்கு மேல் தகைவிலான்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பூச்சி பிடிக்கும். மீசை ஆலா ஒன்று காற்றோடு மிதந்து வந்து, சட்டென்று கீழிறங்கி, நீரைத் தொட்டும் தொடாமலும் எதையோ கவ்விக்கொண்டு எழும். மஞ்சள் வாலாட்டிகள் கட்டிகளுக்கு நடுவே ஓடும்.

என் செல்லம் பொரி உள்ளான். தூரத்தில் அது ஒரு மண்ணாங்கட்டிதான். பைனாகுலரை வைத்தால் முதுகு முழுவதும் வெள்ளைப் பொரி தூவியிருக்கும், கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைப் புருவம், மஞ்சள் தோய்ந்த கால். நான்கு அடி நடக்கும், நிற்கும், பின்பாகத்தை ஆட்டும், மறுபடி நடக்கும். நீங்கள் எழுந்தால் போதும், "சிஃப் சிஃப் சிஃப்" என்று ஊருக்கே புகார் சொல்லிக்கொண்டு பறக்கும். அப்போது அதன் வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று தெரியும். கையளவு உடம்போடு வடக்கே, சைபீரியச் சதுப்புகள் வரை போய்க் குஞ்சு பொரிக்கிற இனம் அது. நம்மூர் ஆட்களும் கூடவே உண்டு: நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, எழும்பும்போது மட்டும் வெள்ளையாகிவிடுகிற மடையான்.

பத்து மணிக்கு மேல் வயலை விட்டுவிட்டுக் கரையோர உடைமரங்களைப் பாருங்கள். கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டையோடு பழுப்புக் கீச்சான் நுனிக்கிளையில் உட்கார்ந்திருக்கும். ஒரு புதரைப் பிடித்துக்கொண்டால் பங்குனி வரை அதைவிட்டு அதிகம் நகராது. அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வந்துவிடுவதுண்டு. நடுப்பகலில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கலாம், பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். மாலையில் சூறைக்குருவிகள் அடைய வரும் நேரத்துக்கு எழுந்தால் சரி.

கேமரா வேண்டாம். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. கண்ணாடி உள்ள பைனாகுலர் தாராளம். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அதை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றால், "நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்தீர்களா தம்பி?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்துச் சமாளிக்காமல் பைனாகுலரை அவர் கையில் கொடுங்கள். போன வாரம் எந்த வயலில் என்ன இறங்கியது என்பதை அவரைப்போல் சொல்ல ஆள் கிடையாது.

ஒன்று மட்டும். உழவுக் காலத்தில் வரப்பை அப்போதுதான் வெட்டிப் பூசியிருப்பார்கள். ஈரம் காயாத வரப்பில் கால் வைத்தால் உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். புல் முளைத்த பழைய வரப்பில் மட்டும் நடங்கள், அதுவும் கேட்டுவிட்டு.