கிட்னி மாத்தியாச்சு, இனி எப்படி பாத்துக்கறது? வாசகர் கேள்விகளுக்கு பதில்

டிஸ்சார்ஜ் பண்றப்ப ஒரு ஃபைல் நிறைய பேப்பர் குடுத்து அனுப்புவோம். எல்லாமே அதுல எழுதியிருக்கும். ஆனா வீட்டுக்கு போனப்புறம் ராத்திரி 11 மணிக்கு திடீர்னு ஒரு சந்தேகம் வந்தா யாரு அதை எடுத்து புரட்டிக்கிட்டு இருப்பா? இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே அப்படி வந்தது தான், கொஞ்சம் நேரம் எடுத்து படிங்க.

அண்ணனுக்கு கிட்னி மாத்தி 14 மாசம் ஆச்சு. கிரியேட்டினின் 1.1 லயே இருந்துச்சு, இப்ப 1.5 வந்திருக்கு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, யூரின் நல்லா போகுது. அடுத்த மாச ரிவ்யூ வரைக்கும் பொறுக்கலாமா?

பொறுக்க வேணாம்ங்க, நாளைக்கே போய் காட்டுங்க. கிரியேட்டினின்ங்கிறது கிட்னி வடிகட்டி வெளிய தள்ற கழிவு, அது ரத்தத்துல ஏறினா கிட்னி வேலை குறையுதோன்னு பாக்கணும். புது கிட்னி வைக்கிறப்ப ரத்தக்குழாயை இணைக்கிறோம், யூரின் குழாயை இணைக்கிறோம், நரம்பை மட்டும் இணைக்கிறதில்ல. அதனால உள்ள என்ன நடந்தாலும் பெரும்பாலும் அது வலிச்சு காட்டாது. புது கிட்னியை உடம்பு தன்னோடது இல்லன்னு எதிர்க்கிறதை தான் ரிஜக்‌ஷன்னு சொல்றோம். அந்த காலத்துல ரிஜக்‌ஷன்னா காய்ச்சல் வரும், ஆபரேஷன் பண்ண இடம் வீங்கும், யூரின் குறையும். இப்ப இருக்கிற மாத்திரைல அந்த அறிகுறி எல்லாம் அநேகமா வர்றதே இல்ல, ரத்த டெஸ்ட்ல நம்பர் ஏறுறது ஒண்ணு தான் நமக்கு தெரியும். லேப் ரிப்போர்ட்ல ஓரத்துல போட்டிருக்கிற நார்மல் அளவை பாத்து சமாதானம் ஆகாதீங்க, உங்க அண்ணனோட வழக்கமான நம்பர் 1.1, அதுல இருந்து கால் பங்கு ஏறினாலே டாக்டருக்கு போன் போடணும், இவருக்கு அதுக்கும் மேலயே ஏறியிருக்கு.

அதுக்காக ரிஜக்‌ஷன் தான்னு பயந்துடவும் வேணாம். தண்ணி குறைஞ்சிருக்கலாம், யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க கிட்னியை தாக்குற பிகே வைரஸா இருக்கலாம், யூரின் குழாய் அடைச்சிருக்கலாம், உடம்போட எதிர்ப்பை அடக்குற டாக்ரோலிமஸ் (சுருக்கமா டாக்ரோ) மாத்திரை ரத்தத்துல அளவு கூடிப் போயிருக்கலாம். எங்கிட்ட வர்ற ஒருத்தர் 40 பக்க நோட்டுல கோடு போட்டு தேதி, கிரியேட்டினின், டாக்ரோ, பிபி, எடை எல்லாம் எழுதி வைப்பார். ஒரு நாள் அவருக்கும் இதே மாதிரி ஏறி வந்துச்சு, பயாப்சி (கிட்னியில துளி சதை எடுத்து பாக்குற டெஸ்ட்) எடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே நோட்டை புரட்டினா ஓரத்துல பென்சில்ல "கல்யாண வீட்டு சாப்பாடு, 2 நாள் பேதி"ன்னு எழுதியிருந்தாரு. பேதி ஆனா உடம்புல தண்ணியும் குறையும், டாக்ரோ ரத்தத்துல ஏறவும் செய்யும், அது ஏறினா கிட்னிக்கு போற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கிடும். டாக்ரோ லெவல் பாத்தோம், 14 இருந்துச்சு, அது ரொம்ப கூட. டோஸை குறைச்சு டிரிப்ஸ் போட்டோம், 10 நாள்ல பழைய நம்பருக்கே வந்துட்டாரு, ஊசி குத்தி சதை எடுக்கவே தேவைப்படல. உங்க அண்ணனுக்கும் இதெல்லாம் பாத்துட்டு, ஸ்கேன் எடுத்துட்டு, அப்பவும் காரணம் தெரியலன்னா தான் பயாப்சி. ரிஜக்‌ஷனாவே இருந்தாலும் சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் 3 நாள் ஸ்டீராய்டு ஊசியிலயே திருப்பிடலாம், ஒரு மாசம் விட்டா அந்த வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

டாக்ரோ லெவல் டெஸ்ட்டுக்கு மாத்திரை போட்டுட்டு போகணுமா, போடாம போகணுமா?

போடாம. ராத்திரி 8 மணிக்கு போட்டீங்கன்னா காலைல 8 மணிக்கு ரத்தம் குடுக்கணும், மாத்திரையை கையில எடுத்துட்டு போங்க, ஊசியை எடுத்ததும் அங்கயே போட்டுக்கோங்க. மறந்து போட்டுட்டு போயிட்டா ஒளிக்காம சொல்லிடுங்க, யாரும் திட்ட மாட்டோம். சொல்லலன்னா நம்பர் பொய்யா ஏறித் தெரியும், அதை நம்பி டாக்டர் டோஸை குறைப்பாரு, உண்மையில உங்களுக்கு ஏற்கனவே கம்மியா இருந்திருக்கும். முதல் 3 மாசம் சுமாரா 8 ல இருந்து 10, அப்புறம் 5 ல இருந்து 8 ன்னு வைக்கிறது வழக்கம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இன்னொண்ணு, மெடிக்கல்ல "அந்த கம்பெனி ஸ்டாக் இல்ல, இதுவும் அதே மருந்து தான்"னு வேற பிராண்ட் குடுத்தா அப்படியே வாங்கிட்டு வந்துடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க, மாத்தினா கட்டாயம் ஒரு தடவை லெவல் பாருங்க.

பழைய ரெண்டு கிட்னியையும் எடுத்துடுவாங்களா?

பொதுவா எடுக்க மாட்டாங்க, அது பாட்டுக்கு சுருங்கி உள்ளயே இருக்கும். புதுசு முன்பக்கம், அடிவயித்துல ஒரு ஓரமா, பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும். ரொம்ப பெருசா கட்டி கட்டியா வீங்கினது, அடிக்கடி சீழ் பிடிக்கிறது, இந்த மாதிரி இருந்தா தான் பழசை எடுப்பாங்க.

புது கிட்னி எத்தனை வருஷம் வரும்?

எல்லாரும் கேக்குறது இது தான். 1954 ல பாஸ்டன்ல ஜோசப் முர்ரே டாக்டர் இரட்டையர்கள்ல ஒருத்தர் கிட்னியை இன்னொருத்தருக்கு வெச்சாரு, வாங்கினவர் 8 வருஷம் இருந்தாரு, அன்னைக்கு அது அதிசயம். நம்ம வேலூர் சிஎம்சில 1971 ல பண்ணாங்க. இன்னைக்கு அமெரிக்க கணக்குப்படி உயிரோட இருக்கிறவங்க குடுத்த கிட்னி பாதிப் பேருக்கு 19 வருஷத்துக்கு மேல வருது, மூளைச்சாவு ஆனவங்ககிட்ட இருந்து வாங்கினது 11, 12 வருஷம். இது சராசரி தான், அதுக்கு மேல ஓட்டுறவங்களும் உண்டு, 3 வருஷத்துல திரும்ப டயாலிசிஸ் மெஷினுக்கு வந்தவங்களையும் பாத்திருக்கேன். அந்த 3 வருஷத்து ஆளுங்ககிட்ட பேசிப் பாத்தா முக்கால்வாசி அடுத்த கேள்வியில தான் வந்து நிக்கும்.

6 வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல. மாத்திரை செலவு தாங்கல. ஒரு வேளையை குறைச்சுக்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு.

அம்மா, கையெடுத்து கேக்குறேன், நீங்களா குறைக்காதீங்க. 6 வருஷம் ஆனாலும் 16 வருஷம் ஆனாலும் உடம்பு அந்த கிட்னியை தன்னோடதுன்னு ஏத்துக்கறதில்ல, மாத்திரை அதை அடக்கி வெச்சிருக்கு, அவ்வளவு தான். குறைச்ச மறுநாள் ஒண்ணும் ஆகாது, மறுமாசமும் ஆகாது, அது தான் இதுல மோசமே. "பாத்தியா ஒண்ணும் ஆகல"ன்னு தைரியம் வந்துடும், உள்ள கொஞ்சம் கொஞ்சமா எதிர்ப்பு ஆன்டிபாடி உருவாகிட்டு இருக்கும், அந்த வகை ரிஜக்‌ஷனை திருப்புறது ரொம்ப கஷ்டம். பணம் இல்லன்னு டாக்டர்கிட்ட சொல்ல வெக்கப்படாதீங்க. விலை குறைஞ்ச பிராண்டுக்கு முறையா மாத்தலாம், சில பேருக்கு ஒரு மருந்தை விட்டுட்டு விலை கம்மியான இன்னொண்ணுக்கு போகலாம். அரசு மருத்துவமனைல பதிவு பண்ணி அங்க மாத்திரை வாங்க முடியுமான்னும் விசாரிங்க. ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போட்டுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா அதை மட்டும் போடுங்க, ரெண்டையும் சேத்து போடக் கூடாது.

சளி, முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கி போடலாமா? நாட்டு மருந்து?

பாராசிட்டமால் போடலாம், ஆனா காய்ச்சல் 100 தாண்டினா அதை போட்டு அமுக்கிட்டு வீட்ல படுத்துக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது, "ஒரே ஒரு ஊசி"ன்னு போட்டுக்கறதும் சேத்து தான். கிளாரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கு குடுக்கிற ஃபுளுகொனசோல் ரெண்டும் டாக்ரோவை ஏத்திவிடும், டிபிக்கு குடுக்கிற ரிஃபாம்பிசின் அப்படியே கீழ இறக்கிடும். டாக்ரோ மாதிரியே எதிர்ப்பை அடக்குற அசாதயோப்ரின் மாத்திரை சாப்பிடுறவங்க யூரிக் ஆசிடுக்கு அலோபுரினால் போட்டா வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு குறையும். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும், முதல்ல வாயில வர வேண்டியது "எனக்கு கிட்னி மாத்தியிருக்கு". நாட்டு மருந்துல என்னென்ன கலந்திருக்குன்னு குடுக்கிறவங்களுக்கே பல நேரம் முழுசா தெரியாது, வேணாம். பழத்துல பம்பளிமாஸ், கிரேப் ஃப்ரூட் ரெண்டும் டாக்ரோவை ஏத்தும். ஸ்டார் ஃப்ரூட்டும், கேரளாவுல இரும்பன் புளின்னு சொல்ற பிலிம்பி ஜூஸும் கிட்னியிலயே உப்பா படிஞ்சு அடைக்கும், கொலஸ்ட்ராலுக்கு நல்லதுன்னு யாராவது குடுத்தாலும் வாங்காதீங்க.

முன்னாடி சுகர் இல்ல, இப்ப வந்திருக்கே?

ஸ்டீராய்டும் டாக்ரோவும் சேந்து செய்யுற வேலை இது, நிறைய பேருக்கு வரும். காலைல ஸ்டீராய்டு போடுறதால சுகர் மத்தியானம் சாயங்காலம் தான் ஏறும், வெறும் வயித்துல பாத்தா நார்மலா காட்டி ஏமாத்திடும். மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறமும் பாருங்க. மாத்திரையை நிறுத்துறது இதுக்கு வழி இல்ல.

எனக்கு 27 வயசு. அம்மா கிட்னி குடுத்து ஒன்றரை வருஷம் ஆகுது. குழந்தை பெத்துக்கலாமா?

பெத்துக்கலாம்மா, பெத்தவங்க நிறைய பேர் இருக்காங்க. குறைஞ்சது ஒரு வருஷம் ஆகியிருக்கணும், கிரியேட்டினின் 1.5 க்குள்ள நிலையா இருக்கணும், யூரின்ல புரோட்டீன் போகக் கூடாது, பிபி கட்டுக்குள்ள இருக்கணும். முக்கியமா எதிர்ப்பை அடக்க குடுக்கிற மைக்கோஃபெனோலேட் மாத்திரை சாப்பிடுறீங்கன்னா அது குழந்தையோட காது, உதடு, அண்ணத்தை எல்லாம் பாதிக்கும், கருத்தரிக்கிறதுக்கு 6 வாரம் முன்னாடியே அதை நிறுத்தி அசாதயோப்ரினுக்கு மாத்தணும். சில பிபி மாத்திரையும் மாத்த வேண்டி வரும். அதுவரைக்கும் கருத்தடை கட்டாயம், ஏன்னா டயாலிசிஸ்ல நின்னு போன பீரியட்ஸ் இப்ப திரும்பியிருக்கும், எதிர்பாக்காம தங்கிடும். டாக்ரோவை மட்டும் எந்த காரணத்துக்கும் விட்டுடாதீங்க.

உங்க கடிதத்துல அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி கூட இல்ல, அதனால நானே கேக்குறேன். நம்ம நாட்ல கிட்னி குடுக்கிறவங்கள்ல பெரும்பாலும் பொண்டாட்டியும் அம்மாவும் தான். ரிவ்யூவுக்கு பிள்ளையோட வருவாங்க, வெளிய பெஞ்சுல ஃபைலை மடியில வெச்சுக்கிட்டு, டிஃபன் பாக்ஸும் கையுமா உக்காந்திருப்பாங்க, உள்ள கூப்பிட்டு "உங்களுக்கு பிபி பாத்து எவ்வளவு நாள் ஆச்சு"ன்னு கேட்டா "எனக்கு என்ன சார், நான் நல்லா தான் இருக்கேன்"பாங்க. மிச்சம் இருக்கிற ஒரு கிட்னி கொஞ்சம் பெருசாகி முன்னாடி ரெண்டும் சேந்து செஞ்ச வேலையில சுமார் 70 சதவீதத்தை ஒண்ணாவே செய்யும், அதனால அவங்க கிரியேட்டினின் லேசா கூட இருக்கிறது சகஜம் தான். ஆனா பிபியோ சுகரோ வந்து கவனிக்காம விட்டா அந்த ஒண்ணும் கெடும். வருஷத்துக்கு ஒரு தடவை பிபி, கிரியேட்டினின், யூரின்ல புரோட்டீன், சுகர், இவ்வளவு தான். அடுத்த ரிவ்யூவுக்கு நீங்க ரத்தம் குடுக்க போறப்ப அவங்க கையையும் நீட்டச் சொல்லுங்க.