தையில் பால் காய்ச்ச முடியுமா? தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு கட்டுகிறோம். ஆடி தொடக்கத்தில் பேஸ்மென்ட் முடிந்திருக்கிறது. மேஸ்திரி ஆறு மாதம் தாராளம் என்கிறார், தையில் கிரகப்பிரவேசம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். முடிவை நினைத்துப் பின்னோக்கித் திட்டமிடு என்கிறார் நண்பர். எப்படிச் செய்வது?

பதில்: மேஸ்திரி பொய் சொல்லவில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் கணக்கைச் சொல்கிறார். நாம் எல்லோருமே அப்படித்தான். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், எல்லாமே சொதப்பினால் 49 நாள் என்றார்கள், ஆனது 55 நாள்!

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். தை நடுவில் முகூர்த்தம் என்றால் பெயிண்ட் மார்கழிக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் பொங்கல் வாரத்தில் ஆள் கிடைக்காது. அதற்கு முன் டைல்ஸ், பட்டி, வயரிங். இவையெல்லாம் உள்வேலை, மழையிலும் ஓடும். வெளிப்பூச்சு அப்படியில்லை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சாரத்தில் ஆள் நிற்க முடியாது, ஆக அது புரட்டாசிக்குள் முடிய வேண்டும். அதற்கு முன்னால் கூரைத் தளம் போட்டு, கான்கிரீட் இறுகத் தண்ணீர் கட்டி, சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்க இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். அப்படியானால் ஆவணி முதல் வாரத்தில் கான்கிரீட் விழுந்தாக வேண்டும். உங்களிடம் இருப்பது ஆறு மாதம் இல்லை, சுவரும் லிண்டலும் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்திரம்) எழும்ப ஐந்து வாரம்!

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த வேலை. கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதியது: திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளாளுக்குத் தனியாக எழுத வேண்டும். தப்பு நடக்குமா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நடந்துவிட்டது, காரணம் சொல் என்றால் கொட்டுவார்கள். தை முடிந்தும் வீடு பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், உங்கள் மனைவி என எல்லோரையும் தனித்தனியே கேளுங்கள். லோன் தவணை வர தாமதம், தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை, டைல்ஸ் பிடிக்காமல் மாற்றியது... (கடைசியது அநேகமாக உங்கள் வீட்டிலிருந்தே வரும்.) எது அடிக்கடி வருகிறதோ அதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். தவணைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று வங்கியில் இந்த வாரமே கேட்டுவிடலாம்.

அப்புறம், எண்ணிக்கொண்டே வந்து இன்றைய தேதியையும் தாண்டிப் பின்னால் போய்விட்டால் வேலையைச் சுருக்காதீர்கள், சென்ட்ரிங்கை முன்கூட்டியே பிரிக்கச் சொல்லும் அவசரம் அங்கேதான் வரும். முகூர்த்தத்தைத் தள்ளுங்கள், வைகாசி இருக்கிறது. முதல் வாரம் தவறினாலும் ஆவணி பாதிக்குள்ளாவது தளம் விழவில்லை என்றால் தை இல்லை என்று இப்போதே மேஸ்திரியிடம் பேசிவிடுங்கள், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதையும் அதுவரை நிறுத்தி வையுங்கள்.