நீரோரத்து வீடுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கே: அமெரிக்காவில் அருவி மேலேயே ஒரு வீடு இருக்கிறதாமே?

ப: ஃபாலிங்வாட்டர். பென்சில்வேனியாவில், பேர் ரன் ஓடையின் மேல். பிட்ஸ்பர்க் கடை முதலாளி எட்கர் காஃப்மன் எதிர்பார்த்தது அருவியைப் பார்த்தபடி ஒரு வீடு. கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1935இல் வரைந்து கொடுத்ததோ அருவியின் தலைமேல் உட்காரும் வீடு. கூடத்தில் நின்றால் அருவி தெரியாது, சத்தம்தான் கேட்கும். கூடத்திலிருந்தே படியிறங்கி ஓடைக்குப் போகலாம். அங்கே கிடந்த பாறையைக்கூட உடைக்காமல் கணப்பின் முன்தரையாக விட்டுவிட்டார்கள். தண்ணீரைச் சுவரில் மாட்டிய படம் மாதிரி வைக்கக் கூடாது என்று நான் புலம்புவதற்கு இந்த வீடுதான் காரணம்.

கே: சார், தளம் தொங்கிப்போன வீட்டையா இப்படித் தூக்கி வைக்கிறீர்கள்?

ப: தொங்கியது உண்மைதான். வெளியே நீட்டிய தளத்தின் விளிம்பு சுமார் 7 அங்குலம் இறங்கியது.

கே: ரைட்டுக்குத் தெரியாமல் பொறியாளர்கள் கான்கிரீட் கம்பியை இரட்டிப்பாக்கியதால்தான் அந்த மட்டிலாவது நின்றது.

ப: ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் மனிதர் கோபப்பட்டார்! அப்படிப் போட்ட கம்பியும் போதவில்லை. 2002இல் கூடத்துக் கல்தரையைப் பெயர்த்து, உத்திரங்களை ஒட்டி எஃகு வடங்கள் ஓட்டி, இழுத்து முறுக்கினார்கள். சரிவு நின்றது. கூரை ஒழுகலைப் பார்த்து காஃப்மனே 'ஏழு வாளி வீடு' என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். கணக்கில் ரைட் கோட்டை விட்டார், இடம் பார்த்ததில் விடவில்லை. இதற்குமேல் சண்டை போட வேண்டுமென்றால் தனியாக வாருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: கடலோரத்தில் மனை இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கலாமா?

ப: வேண்டாம். சிட்னி ஆப்பரா ஹவுஸை வடிவமைத்த யோர்ன் உட்சன், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் செங்குத்துப் பாறை விளிம்பில் 1970களின் தொடக்கத்தில் தனக்கே ஒரு வீடு கட்டினார். மனைவி பெயரில், கேன் லிஸ். உள்ளூர் மணற்கல்லில் தனித்தனிக் கட்டடங்கள். ஜன்னல் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்தில் பொருத்தியதால் உள்ளே இருப்பவர் கண்ணுக்குச் சட்டமே படாது. ஆழமான கல்மாடம், அதன் முடிவில் கடல். அந்த ஆழமே நிழலும் தரும். இவ்வளவு செய்தும் கடல் வெளிச்சம் கண்ணைப் படுத்தியது. 1990களில் தீவுக்குள்ளேயே மலைப்பக்கம் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். உங்கள் கடற்கரை கிழக்குப் பார்த்தது என்றால் காலையெல்லாம் திரையை இழுத்து மூடித்தான் உட்கார்ந்திருப்பீர்கள். அப்புறம், உப்பை மறக்காதீர்கள்.

கே: இறவாரம் எவ்வளவு நீட்டலாம்?

ப: கலிபோர்னியாவின் கடலோரக் குடியிருப்பான சீ ராஞ்சில், 1965 வாக்கில் கட்டியவர்கள் நீட்டவே இல்லை. காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கும் என்று ஒருபக்கச் சரிவாக வைத்துச் சுவரோடு நிறுத்தினார்கள். நம் ஐப்பசி மழைக்கு அது சரிப்படாது, சுவர் ஊறிவிடும். நீட்டுங்கள், ஆனால் கூரையை இறுக்கிக் கட்டுங்கள். ஆணியும் போல்ட்டும் உப்பைத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

கே: சார், கடல் தெரிகிற மாதிரி பெரிய கண்ணாடி...

ப: மேலே படிக்கவும்.

கே: கலவைக்குக் கடற்கரை மணலையே அள்ளிக்கொள்ளலாமா?

ப: கூடவே கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். உப்பு, உப்பு என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

கே: இயற்கையை அப்படியே விட்டுக் கட்டிய வீடு என்றால் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கதானே?

ப: அப்படியேவா? பெந்தோட்டைக்குப் பக்கத்தில் தெத்துவ ஏரிக்கரையில் 1948இல் வாங்கிய ரப்பர் தோட்டம் அது. 2003இல் இறக்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து ஏரி தெரிவதற்காகக் குறுக்கே இருந்த குன்றின் உச்சியையே தாழ்த்தினார். பார்க்கிறவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

கே: கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும்?

ப: இடத்துக்கு இடம் மாறும். கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பாருங்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்.

கே: பெரிய கண்ணாடிக்கு எந்த கம்பெனி நல்லது?

ப: கண்ணாடிக் கடையில் கேளுங்கள்.