ஈறைப் பார்த்தீர்களா? நாய், பூனை கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு, இந்த வட்டாரத்திலேயே வேலை பார்த்த கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

காட்பாடி: டாக்டர், பூனைக்கு உடம்பு கொதித்தது என்று ராத்திரி பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுத்தேன். காலையில் முகம் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. இன்னொரு கால் கொடுக்கலாமா?

கூடாது. மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. அது ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். அவற்றால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து பலர் வாயைத் திறப்பதில்லை.

குடியாத்தம்: நாட்டு நாய், மூன்று வயது. நாலு நாளாகச் சாப்பிடவில்லை, காய்ச்சல், இன்று மூக்கில் ரத்தம். உடம்புச் சூடு என்று மோர் ஊற்றுகிறோம்.

மோரை நிறுத்துங்கள் ஐயா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. காது மடலின் உள்பக்கத்தையும் கால் விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். எள் அளவில் பழுப்பாக ஓடுவதும், ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடப்பதும் ஒரே உண்ணிதான். உப்பியது ரத்தம் குடித்த பெண் உண்ணி. அது பரப்பும் எர்லிக்கியா கிருமியால் ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் குறையும், அதனால்தான் மூக்கில் ரத்தம். அடுத்து ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். முழு ஈறுமே சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தால் ரத்தம் ஏற்றவேண்டி வரலாம்.

ரத்தப் பரிசோதனை செய்து எர்லிக்கியா என்று தெரிந்தால் வழக்கமாக டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுப்போம். ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பிக்கும், பெரும்பாலோர் அன்றே மருந்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மறுபடி அதே காய்ச்சல்.

இன்னொன்று, உண்ணி நாய் மேல் இருக்கும் நேரம் குறைவு. மீதி வாழ்க்கையெல்லாம் சுவர் வெடிப்பு, கதவு நிலை, கட்டில் சந்து இவற்றில்தான். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டால் பாதி வேலைதான். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண் அளவில் கலந்து நாய்க்கு ஊற்றாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் சேர்ந்த நாய் மருந்து அதன் மேல் பட்டுவிடக் கூடாது. வலிப்பு வந்து இறந்தே போகலாம்.

ஆம்பூர்: பிரியாணி மிச்சத்தை நாய்க்குப் போடலாமா?

ஆம்பூரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்! போட வேண்டாம். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் வெந்தாலும் சிவப்பணுக்களை அழிக்கும். வெறும் சோறும் எலும்பில்லாத வெந்த கறியும் போடுங்கள்.

வாலாஜா: இரண்டு மாதக் குட்டி, ஊசி எதுவும் போடவில்லை. வாந்தி, ரத்தமாகப் பேதி, நாற்றம் தாங்கவில்லை.

பார்வோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வைரஸைக் கொல்ல வழக்கமான மருந்து கிடையாது. நீர்ச்சத்தைக் காப்பாற்றினால் குட்டி பிழைக்கும், அதற்கு டிரிப் வேண்டும். கசாயம், மாதுளைத் தோல் என்று ஒரு நாளைப் போக்காதீர்கள். குட்டி படுத்த இடத்தை பினாயில் ஊற்றிக் கழுவினால் போதாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் அதே வாசலுக்கு அடுத்த குட்டியைக் கொண்டுவருவதானால் தடுப்பூசி முடித்த பிறகு கொண்டுவாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் ஆகும்வரை.

சத்துவாச்சாரி: பக் நாய், மாடி வீடு. கத்திரி வெயிலில் எப்படிச் சமாளிப்பது?

சுற்றிலும் பாறை மலை, நம் ஊரில் ராத்திரியும் புழுக்கம் இறங்காது. மூக்கு சப்பையான நாய்க்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிரவைக்கும் வழியும் குறைவு. நடையை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழெட்டு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான சூடு ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். வெயிலில் இருந்துவிட்டு 104-ஐத் தாண்டி, தள்ளாடி, எச்சில் ஒழுகினால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி ஃபேனடியில் விடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். 103-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆரணி: ஆண் பூனை மண்ணில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, முனகுகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்தோம்.

அம்மா, மண் ஈரமானதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மெலிது, அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போகும். எண்ணெய் இதற்கு உதவாது. இன்றே குழாய் போட்டு எடுக்க வேண்டும்.

அணைக்கட்டு: தெரு நாய் பையன் காலைக் கடித்து ரத்தம் வந்தது. நாய் நன்றாகத்தான் சுற்றுகிறது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?

காத்திருக்கக் கூடாது தம்பி. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். இன்றே முதல் ஊசி. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் போடவேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நாயைப் பத்து நாள் கவனிப்பதும் கூடவே நடக்கட்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு கைவசம் வைத்தியம் இல்லை.

திருப்பத்தூர்: சொறிக்குப் பழைய இன்ஜின் ஆயில் தடவலாமா?

நாய் அதை நக்கும், விஷம். தோலைச் சுரண்டிப் பரிசோதித்தால் எந்தப் பூச்சி என்று அன்றே தெரிந்துவிடும், அதற்கான மாத்திரையும் இருக்கிறது. ஏற்கெனவே தடவியிருந்தால் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைக் கண்ணில் படாமல் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவிவிட்டுக் கூட்டி வாருங்கள்.