அலாரம் அடிப்பதற்கு வாரங்கள் முன்பே: மைனஸ் 80 ஃப்ரீசரின் கோளாறைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள் ஆறு உள்ளன. வெப்பநிலை மைனஸ் 65க்கு மேல் ஏறினால் அலாரம் அடிக்கும். கதவைத் திறந்து கொஞ்சம் தேடினாலே அடித்துவிடுவதால், இப்போது யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. போன மாதம் ஒரு ஃப்ரீசர் இரவில் பழுதாகி, காலையில் மைனஸ் 20இல் நின்றது. அதற்கு முந்தைய நாள் வரை அதன் வெப்பநிலை வரைபடம் நேர்கோடாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட கோளாறை முன்கூட்டியே அறிய வழி உண்டா? அறிந்தாலும் என்ன செய்ய முடியும்?

பதில்: அந்த நேர்கோட்டை வைத்து ஃப்ரீசர் நலமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தெர்மோஸ்டாட்டின் வேலையே கோளாறை மறைப்பதுதான். வடிகட்டியில் தூசி அடைந்தாலும், கதவு ரப்பரில் பனிக்கட்டி பிடித்தாலும், கம்ப்ரசரைக் கூடுதல் நேரம் ஓடவைத்து அது மைனஸ் 80ஐக் காப்பாற்றிவிடும். நலமான நாளில் கம்ப்ரசர் மொத்த நேரத்தில் 60 சதவீதம் ஓடுகிறது என்று வையுங்கள். தூசி சேர்ந்ததும் 70, ரப்பர் கெட்டதும் 80, பிறகு 95 என ஏறும். இத்தனைக்கும் வெப்பநிலை வரைபடம் அசையாது. 100ஐத் தொட்ட பிறகு கையிருப்பு என்று எதுவும் இல்லை. அறை கொஞ்சம் சூடானாலோ, யாராவது கதவைத் திறந்தாலோ வெப்பநிலை ஏறத் தொடங்கும், மறுபடி இறங்காது. ஆகவே நீங்கள் கண்காணிக்க வேண்டியது வெப்பநிலையை அல்ல, அதை நிலைநிறுத்தக் கம்ப்ரசர் படும் பாட்டை. தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள எந்த இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

கம்ப்ரசர் ஓடும் நேரத்தை அளக்க, மின்கம்பியைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் வகை மின்னோட்ட சென்சார் போதும். அதை ஒரே ஒரு கம்பியைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். போகும் கம்பி, வரும் கம்பி இரண்டும் சேர்ந்த கேபிளைச் சுற்றினால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பூஜ்யத்தையே காட்டும். கேபிளைப் பிரிக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஸ்மார்ட் பிளக் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இங்கே வேண்டாம்: அதற்குள் இருக்கும் ரிலே பழுதானால் ஃப்ரீசரையே அணைத்துவிடும். வேகம் மாறும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் ஓடுவது, நிற்பது என்ற கணக்கே கிடையாது. அதில் சராசரி வாட் அளவைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யுங்கள். கால் மணிக்கு ஒரு முறை பதிந்தால், 20 நிமிடச் சுழற்சியில் ஓடும் கம்ப்ரசரின் ஏற்ற இறக்கம், இல்லாத ஒரு மெதுவான அலையாகத் தரவில் தெரியும். அதே சமயம், நிமிட அளவீடுகளை அப்படியே கணக்குக்குக் கொடுக்கவும் கூடாது. அவை ஒன்றையொன்று சார்ந்தவை. கீழே சொல்லும் முறையோ ஒவ்வோர் எண்ணும் தனித்தது என்ற அடிப்படையில் அமைந்தது. ஒரு நாளைக்கு ஒரே எண் போதும்: இரவு 2 மணி முதல் 5 மணி வரை கம்ப்ரசர் ஓடிய சதவீதம். அந்த நேரத்தில் யாரும் கதவைத் திறப்பதில்லை என்பதுதான் காரணம். கூடவே அந்த நேரத்து அறை வெப்பநிலையையும் பதியுங்கள். அறை சூடானால் நலமான ஃப்ரீசரும் கூடுதலாக ஓடும். இரண்டு, மூன்று வாரத் தரவில் அறை வெப்பநிலைக்கும் ஓடும் சதவீதத்துக்கும் ஒரு நேர்கோடு பொருத்தி, அந்தக் கோட்டிலிருந்து விலகும் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விலகல்களுக்கு ஓர் இயல்பு அளவு வேண்டும். சராசரியும் திட்டவிலக்கமும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) ஒரே ஒரு மோசமான இரவால் கெட்டுவிடும் என்பதால் இடைநிலை எண்ணை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை, பயன்படுத்துங்கள். ஒவ்வோர் இரவின் மதிப்பும் இடைநிலையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கண்டு, அந்த வித்தியாசங்களின் இடைநிலையை 1.4826ஆல் பெருக்கினால் திட்டவிலக்கத்துக்கு இணையான எண் கிடைக்கும். இனி ஒவ்வோர் இரவின் விலகலையும் இதால் வகுத்து வையுங்கள்.

அடுத்தது கண்டறியும் முறை. ஒரு புள்ளி மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டினால் எச்சரிப்பது, புள்ளியியலாளர் ஷூவார்ட் 1924இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழி. திடீர்ப் பாய்ச்சலுக்கு அது நல்லது. ஃப்ரீசர் மெல்ல மெல்லக் கெடுவதற்கு உதவாது: சராசரி ஒரே ஒரு திட்டவிலக்கம் நகர்ந்திருந்தால், அதைப் பிடிக்கச் சராசரியாக 44 அளவீடுகள் ஆகும். 1954இல் புள்ளியியலாளர் பேஜ் வெளியிட்ட கியூசம் முறை, அதாவது திரள்கூட்டு முறை, அதே நகர்வைச் சுமார் 10 அளவீடுகளில் பிடித்துவிடும். கணக்கு மிக எளியது. பழைய திரளுடன் இன்றைய எண்ணைக் கூட்டி, 0.5ஐக் கழியுங்கள். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்குங்கள். 5ஐத் தாண்டினால் எச்சரிக்கை.

உதாரணமாக, தொடர்ந்து எட்டு இரவுகள் 0.4, 1.2, 0.9, 1.6, 0.7, 1.4, 1.8, 1.3 என்று வருகின்றன. இவற்றில் ஒன்றுகூட 2ஐத் தொடவில்லை, தனித்தனியாகப் பார்த்தால் எந்த இரவும் சந்தேகத்துக்குரியதல்ல. திரளோ 0, 0.7, 1.1, 2.2, 2.4, 3.3, 4.6, 5.4 என்று ஏறி எட்டாவது இரவில் எல்லையைக் கடக்கிறது. எண்ணின் குறியை மாற்றி, இதே கணக்கைக் கீழ்ப்பக்கமும் வையுங்கள். கம்ப்ரசர் ஓடுவது குறைந்து வெப்பநிலை ஏறினால், அது பாதுகாப்புச் சுவிட்சால் அடிக்கடி நின்றுபோகலாம்.

பொய் எச்சரிக்கை எவ்வளவு வரும்? இரு பக்கமும் வைத்தால், எந்தக் கோளாறும் இல்லாதபோது சராசரியாக 465 அளவீட்டுக்கு ஒரு முறை. ஆறு ஃப்ரீசர், இரவுக்கு ஓர் எண் என்றால் ஏறத்தாழ 77 நாளுக்கு ஒன்று. இதை யாரும் எரிச்சலில்லாமல் சகித்துக்கொள்ள முடியும். தொடக்கத்தில் சில வாரத் தரவே இருப்பதால் இந்த எண் கொஞ்சம் முன்பின் ஆகலாம். நலமான இரவுகள் இன்னும் சேர்ந்ததும் இயல்பு அளவை மறுபடி கணக்கிடுங்கள்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடந்த 30 நாள் சராசரியோடு ஒப்பிடும் மென்பொருளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மெதுவாகக் கெடும் ஃப்ரீசரோடு சேர்ந்து அந்தச் சராசரியும் நகரும், கோளாறே இயல்பாகிவிடும். தொடக்கத் தரவு போதிய அளவு சேர்ந்து இயல்பு அளவை நிர்ணயித்ததும் அதைப் பூட்டி வையுங்கள். அதன் பிறகு, சர்வீஸ் செய்தாலோ உள்ளே இருக்கும் சரக்கு பெரிதாக மாறினாலோ மட்டும் புதிதாக எடுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் முதலில் கண்டென்சர் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், கதவு ரப்பரைச் சுற்றிப் பனி எடுங்கள். இரண்டு மூன்று இரவில் சதவீதம் பழைய இடத்துக்குத் திரும்பினால் விஷயம் அத்துடன் முடிந்தது. திரும்பாவிட்டால், கதவு திறந்து மூடிய பிறகு குளிர்நிலைக்கு மீள எவ்வளவு நேரம் ஆகிறது என்று பழைய பதிவுடன் ஒப்பிடுங்கள். அதுவும் நீண்டிருந்தால் குளிர்வாயுக் கசிவோ கம்ப்ரசர் தேய்மானமோ இருக்கலாம். இந்த ஃப்ரீசர்களில் பொதுவாக இரண்டு கம்ப்ரசர்கள் அடுக்காக வேலை செய்யும்: முதலாவது இரண்டாவதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். எது கெட்டாலும் மைனஸ் 80ஐ எட்ட முடியாது. ஃப்ரீசர் இன்னும் தாக்குப்பிடிக்கும்போதே சரக்கை மாற்றிவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

சென்சார் பற்றி ஒரு கறாரான வார்த்தை. டிஎஸ்18பி20 என்ற மலிவான சில்லைப் பலரும் போடுகிறார்கள். அதன் எல்லை மைனஸ் 55. அதற்குக் கீழே அது காட்டும் எதையும் நம்பக் கூடாது. பிடி-100 (பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து வெப்பநிலை அளக்கும் சென்சார்) அல்லது டி வகைத் தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பால் அளப்பது) போடுங்கள். பிடி-100 என்றால் மூன்று அல்லது நான்கு கம்பி வகையாக இருக்கட்டும்: மைனஸ் 80இல் அதன் மின்தடை 68.33 ஓம், கம்பியின் தடை ஓர் ஓம் சேர்ந்தாலே சுமார் 2.5 டிகிரி பிழை வந்துவிடும். சென்சாரை வெறும் காற்றில் தொங்கவிடாமல், கண்ணாடி மணிகள் நிரப்பிய சிறு புட்டிக்குள் செருகுங்கள். கதவு திறக்கும்போது காற்றுதான் சட்டென்று சூடாகும், உள்ளே சேமித்துள்ள ஆய்வு மாதிரிகள் அல்ல. உங்கள் பொய் அலாரங்களில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே நின்றுவிடும். ஒரு மணி நேரமாக அளவு ஒரு புள்ளிகூட மாறவில்லை என்றால் அதற்கும் எச்சரிக்கை வையுங்கள். உயிருள்ள சென்சார் அவ்வளவு அசையாமல் இருக்காது.

இனி, குளிர்விப்பு நின்றால் ஃப்ரீசர் எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்ற கணக்கு. இது இல்லாமல் அலாரம் எல்லையை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வைப்பது. குளிர்விப்பு நின்றால், ஃப்ரீசருக்கும் அறைக்கும் இடையிலான வித்தியாசம் அடுக்குக்குறி வடிவில் சுருங்கும். அறை 25 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 80 என்றால் வித்தியாசம் 105. மின்சாரம் நின்று ஒரு மணி நேரத்தில் மைனஸ் 70க்கு வந்தால் வித்தியாசம் 95. 105ஐ 95ஆல் வகுத்து இயல்மடக்கை எடுத்தால் 0.1. ஆகவே நேர மாறிலி, அதாவது வித்தியாசம் சுமார் 37 சதவீதமாகச் சுருங்க ஆகும் நேரம், 10 மணி. இதே வழியில் மைனஸ் 65க்கு வர 1.5 மணி, மைனஸ் 50க்கு 3.4 மணி, மைனஸ் 20க்கு 8.5 மணி நேரம் ஆகும். உங்கள் ஃப்ரீசரும் ஏறக்குறைய இப்படிப்பட்டதென்றால், அன்றிரவு அலாரம் ஆளில்லாத அறையில் ஏழு மணி நேரம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நேர மாறிலியை அறியச் சரக்கு உள்ள ஃப்ரீசரை அணைத்துப் பார்க்காதீர்கள். பழைய மின்வெட்டுப் பதிவுகளில் அது ஒளிந்திருக்கும். இல்லையென்றால், பனி நீக்கக் காலி செய்யும்போது அளந்துகொள்ளுங்கள். காலிப் பெட்டி சீக்கிரம் சூடாகும் என்பதால் அந்த எண் உங்களைப் பாதுகாப்பான பக்கத்திலேயே வைக்கும். காலி இடத்தில், வேறொரு ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கினால் நேரம் கூடும். மைனஸ் 80க்குப் பதில் மைனஸ் 70இல் ஓட்டுவது மின்சாரத்தையும் கம்ப்ரசரையும் மிச்சப்படுத்தும். ஆனால் மேற்சொன்ன ஃப்ரீசரில் மைனஸ் 50க்கான 3.4 மணி, 2.4 மணியாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை இழக்க முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

இப்போது எல்லையைப் பின்னாலிருந்து கணக்கிடலாம். மாதிரிகள் மைனஸ் 50க்கு மேல் போகக் கூடாது என்று வைப்போம். அலாரம் பொய்யல்ல என்று உறுதியாக 20 நிமிடம், ஆள் போனை எடுக்க 10, வந்து சேர 45, இடம் மாற்ற 60. மொத்தம் 2 மணி 15 நிமிடம். 3.4இலிருந்து இதைக் கழித்தால் 1.15 மணி மிச்சம். அந்த நேரத்தில் ஃப்ரீசர் மைனஸ் 68.6இல் இருக்கும். ஆகவே அலாரம் மைனஸ் 70இல் இருக்க வேண்டும். உங்கள் மைனஸ் 65 எல்லையில், எல்லாம் சரியாக நடந்தாலும் வேலை முடியும்போது மைனஸ் 47. இதுவும் அறை 25இல் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான். மின்வெட்டில் ஏசியும் நின்று அறை 35க்கு ஏறினால் 3.4 மணி 3 மணியாகும்.

மின்வெட்டு ஃப்ரீசர், வைஃபை, லாகர் (அளவுகளைப் பதியும் கருவி) மூன்றையும் ஒரே நொடியில் கொல்லும். செய்தி வராததை நல்ல செய்தி என்று எண்ணிக்கொள்ளும் ஏற்பாடு இங்கேதான் கைவிடும். லாகர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று வெளியே உள்ள சர்வருக்குச் சொல்லட்டும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் அந்த சர்வர் உங்களை அழைக்க வேண்டும். லாகரும் ரூட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். கூடுதலாக, பேட்டரியும் சிம் கார்டும் உள்ள ஒரு கருவி தனி வழியாக அழைக்கட்டும். முதல் ஆள் 10 நிமிடத்தில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும்படி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாருக்கும் சொல்லாமல் சென்சாரைக் கழற்றி, அழைப்பு போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.

ஆறில் ஒன்றைக் காலியாக, குளிர்ந்த நிலையில் வைத்திருக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த காப்பீடு இல்லை. ஈடு செய்ய முடியாத மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு மின்சுற்றில் உள்ள ஃப்ரீசர்களில் வையுங்கள். உலர்பனியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) நம்பியிருக்கிறீர்கள் என்றால் அளவைக் கணக்கிடுங்கள்: ஒரு கிலோ ஆவியாகும்போது சுமார் 570 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே 200 வாட் வெப்பம் புகுந்தால் மணிக்கு 1.25 கிலோ, 12 மணிக்கு 15 கிலோ தேவை. அந்த 15 கிலோவும் ஏறக்குறைய 8 கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடாக மாறும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது உயிரைப் பறிக்கும். மூடிய பாத்திரத்தில் போட்டால் வெடிக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வாயு அளவுமானி இல்லாமல் தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது.

மின்சாரம் திரும்பும் நேரமும் ஆபத்தானது. ஆறு கம்ப்ரசர்களும் ஒரே நொடியில் கிளம்பினால் தொடக்க மின்னோட்டம் பிரேக்கரைத் தட்டிவிடும், மறுபடி எல்லாம் இருளும். உங்கள் ஃப்ரீசர்களில் மறுதொடக்கத் தாமதம் மாற்றும் வசதி இருந்தால் 1, 3, 5, 7, 9, 11 நிமிடம் என்று பிரித்து வையுங்கள். இல்லையென்றால் மின்சாரம் வந்தவுடன் ஒவ்வொன்றாகப் போடும் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிரேக்கர் எங்கே இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.