டபுள் ஹெலிகல் கியர்: பீன்யா பட்டறையிலிருந்து பதில்கள்

பெங்களூரு பீன்யாவில் 20 வருடமாகப் பல் வெட்டுகிறேன். டபுள் ஹெலிகல் பற்றி நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, சாதாரண ஹெலிகலே போதாதா?

சாய்ந்த பல் சத்தம் குறைவாக ஓடும், ஆனால் சாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும். 30 டிகிரி சாய்வில், சுற்றும் விசையில் சுமார் 58 சதவீத அளவுக்கு அந்தத் தள்ளல் வந்து பேரிங்கில் உட்காரும். ஒரே கியரில் ஒரு பாதி இடது, மறு பாதி வலது என எதிரெதிராகப் பல் போட்டால் இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதுதான் டபுள் ஹெலிகல். சிட்ரோயன் கார் முகப்பில் இருக்கும் இரண்டு அம்புகளும் இந்தப் பல்தான்.

மாட்யூல் (பல்லின் அளவு) 4, பல் 30, சாய்வு 30 டிகிரி. பிட்ச் டயா (பற்கள் கோர்க்கும் வட்டத்தின் விட்டம்) 120தானே?

இல்லை தம்பி, இங்கேதான் பிளாங்க் (பல் வெட்டுவதற்கு முந்தைய வட்டு) ஸ்கிராப் ஆகும். 4 என்பது நார்மல் மாட்யூல், அதாவது பல்லுக்குச் செங்குத்தாக அளந்தது என்றால், 120ஐ காஸ் 30ஆல் வகுக்க வேண்டும்: 138.56 மி.மீ. வெளி டயா 146.56. லீடு (பல் ஒரு முழுச் சுற்று சுற்ற ஆகும் நீளம்) 753.98, இரண்டு பாதிக்கும் அதே லீடு, திசை மட்டும் மாறும்.

சாலிட்வொர்க்ஸ் டிசைன் சாஃப்ட்வேரின் டூல்பாக்ஸ் கியரை அப்படியே கேமுக்கு (மெஷின் புரோகிராம் போடும் CAM சாஃப்ட்வேருக்கு) அனுப்பலாமா சார்?

வேண்டாம்மா. அது அசெம்பிளி டிராயிங்கில் காட்டுவதற்கான கியர், உண்மையான இன்வல்யூட் (கியர் பல் பக்கத்தின் வளைகோடு) கிடையாது. இன்வல்யூட்டைச் சமன்பாட்டிலிருந்து வரையுங்கள். பேக்லாஷுக்காக (பல்லுக்கும் பல்லுக்கும் விடும் சின்ன இடைவெளிக்காக) பல்லை மெலிய வைப்பதையும் மாடலிலேயே செய்துவிடுங்கள்.

இரண்டு பாதிக்கும் நடுவில் பள்ளம் கட்டாயமா?

ஹாப்பிங், அதாவது ஹாப் என்ற சுழலும் திருகு வடிவக் கட்டரால் வெட்டுவது என்றால் கட்டாயம். ஹாப் வெளியேற இடம் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கப் பல்லைக் கடித்துவிடும். 5 ஆக்சிஸில் சின்ன டூலால் வெட்டும்போது பள்ளம் குறுகலாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ஹார்டனிங்குக்குப் பிறகு கிரைண்டிங் உண்டென்றால், கிரைண்டிங் வீலுக்கு இடம் விட்டே டிசைன் பண்ணுங்கள்.

ஃபினிஷிங்குக்கு எந்த டூல்?

இந்த மாட்யூல் 4க்கு வேரில் வரும் வளைவு ஆரம் சுமார் 1.5 மி.மீ. அதனால் அங்கே 3 மி.மீ. பால் நோஸ் (முனை உருண்டையான கட்டர்). பல்லின் பக்கத்துக்கு 6 மி.மீ. பால் நோஸில் ஸ்டெப் ஓவர் (அடுத்தடுத்த வெட்டுக்கு நடுவே தள்ளும் தூரம்) 0.25 மி.மீ. வைத்தால், வெட்டுகளுக்கு இடையில் நிற்கும் மேடு 3 மைக்ரானுக்குள் நிற்கும். நேரம் எடுக்கும்தான், அவசரப்படாதீர்கள்.

இரண்டு பாதியையும் தனித்தனி செட்டப்பில் வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஜாபில் ஒரு பாதியை முடித்து, திருப்பிப் போட்டு, டயல் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கேஜ்) வைத்துச் சரிபார்த்து மற்ற பாதியை வெட்டினோம். கியர்பாக்ஸ் ஓடி இரண்டு நாளில் பேரிங் சூடு. திறந்து பார்த்தால் ஒரு பாதிப் பல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இன்னொரு பாதியில், பல் எங்கே தொடுகிறது என்று பார்க்க நாங்கள் தடவிய நீல மை அப்படியே இருக்கிறது. மொத்த லோடையும் ஒரே பாதி தாங்கியிருக்கிறது, பக்கவாட்டுத் தள்ளலும் திரும்ப வந்துவிட்டது.

இரண்டு பாதிப் பல்லும் சந்திக்கும் முனைதான் இந்தக் கியரின் உயிர். சுற்றில் 0.1 மி.மீ. பிசகினால், 30 டிகிரியில் அந்த முனை சாஃப்ட் நீளத்தில் 0.087 மி.மீ. நகர்ந்துவிடும். அதனால் முடிந்தவரை ஒரே கிளாம்பில், ஒரே ஏ-ஆக்சிஸ் (ஜாபைச் சுற்றும் அச்சு) ஜீரோவில் இரண்டையும் முடியுங்கள்.

எங்கள் ஜாபில் இன்னொரு தப்பும் இருந்தது: இரண்டு சாஃப்டையும் பேரிங்கில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒன்றைத்தான் கட்ட வேண்டும். மற்றது, பெரும்பாலும் பினியன் (ஜோடியில் சின்னக் கியர்), தானாக நகர்ந்து இடம் பிடிக்கும்படி விட வேண்டும். இப்போதெல்லாம் டெலிவரிக்கு முன் பினியனைக் கையால் மெல்லச் சுற்றி, சாஃப்ட் முனையில் டயல் வைத்துப் பார்க்கிறேன். முள் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஆடினால் முனை ஒரே தளத்தில் இல்லை என்று அர்த்தம். அந்த ஜாபை அனுப்புவதில்லை.

பல் தடிமனை ஸ்பான் மைக்ரோமீட்டரில் (பல பற்களை இரண்டு முகத்துக்கு நடுவே பிடித்து அளப்பது) அளக்கலாமா?

பாதியின் அகலம் குறைவாக இருந்தால், சாய்வினால் மைக்ரோமீட்டரின் ஒரு முகம் பல்லுக்கு வெளியே போய்விடும். எதிரெதிர்ப் பல் இடுக்குகளில் அளவுப் பந்து வைத்து, பாதிக்குப் பாதி தனியாக அளந்துகொள்ளுங்கள்.